திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு: 2022 பிப்ரவரியில் கொரோனாக் கட்டுப்பாடு பாதி விலகிய நாட்களில் போய்வரும் வழி

இது 2022 பிப்ரவரியில் இருந்த கொரோனா விதிகளையும் கட்டணங்களையும் வைத்துச் சொல்வது. தமிழகத்தில் இரவு ஊரடங்கு அந்த ஜனவரி 28-ஆம் தேதியோடு போய்விட்டது. ஞாயிறு முழு ஊரடங்கும் இருக்கவில்லை. பிப்ரவரி 16 முதல் ஓட்டல், ஜவுளிக்கடை, தியேட்டர் எதற்கும் பாதிப் பேர் என்ற கணக்கு இருக்கவில்லை. மார்ச் 2 வரை நீடித்தவை சில மட்டும்: கல்யாணத்துக்கு 200 பேர், இறப்புக்கு 100 பேர், அரசியல், கலாசாரக் கூட்டங்களுக்குத் தடை, வெளியில் எங்கும் மாஸ்க். 2022 பிப்ரவரியின் பின்பாதியில் அரசாணைப்படி இருந்த நிலவரம் இவ்வளவுதான்.

ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்தோ களக்காட்டிலிருந்தோ முதல்முறையாகச் சென்னைக்குப் போகிறவரை அரசாணை தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சட்டம், லாட்ஜ் கவுண்டரில் ஒரு சட்டம், அபார்ட்மென்ட் கேட்டில் இன்னொன்று என்று ஒவ்வொரு கட்டடமும் தனக்கென வைத்திருந்த விதிகளில்தான் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். "அரசாங்கமே எடுத்துட்டாங்களே" என்று காவலாளியிடம் வாதாடிப் பலனில்லை. அவர் கேட்கும் காகிதம் கையில் இருந்தால் அரை நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். அதனால் பெட்டி கட்டுவதற்கு முன்னால் காகிதத்தைச் சரிபாருங்கள்.

தடுப்பூசிச் சான்றிதழ்: ஒரு வாரம் முன்பே

தடுப்பூசிப் பதிவுக்கான மத்திய அரசின் கோவின் தளத்தில், ஊசி போட்டபோது கொடுத்த கைபேசி எண்ணை இடுங்கள். ஆறு இலக்க ஓடிபி வரும், மூன்று நிமிடத்துக்குள் அதைப் பதியவேண்டும். உள்ளே போனால் அந்த எண்ணில் பதிவான எல்லாருடைய பெயரும் வரிசையாக இருக்கும்; உங்கள் பெயருக்கு நேரே உள்ள பொத்தானை அமுக்கினால் பிடிஎஃப் இறங்கும். தளம் சுற்றிக்கொண்டே இருந்தால் வாட்ஸ்அப்பில் 9013151515 என்ற மத்திய அரசு எண்ணைச் சேமித்து, 'டவுன்லோட் சர்டிபிகேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்புங்கள். அங்கேயும் ஓடிபி கேட்டுச் சான்றிதழை அனுப்பிவிடும்.

நம் கிராமங்களில் இதில் மூன்று இடத்தில் இடறும்.

முதலாவது, எண். முகாமில் பதிவு எழுதியவர் கூட்டத்தில் ஒருவருடைய கைபேசி எண்ணையே நாலைந்து பேருக்குப் போட்டிருப்பார். உங்கள் ஓடிபி பக்கத்துத் தெருக்காரருடைய போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். போன வேளையில் அவர் வயலில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். எழும்பூரில் இறங்கி நின்றுகொண்டு அவரைப் போனில் பிடிப்பதைவிட, இங்கேயே ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இறக்கிக்கொள்வது எளிது.

இரண்டாவது, இரண்டு முதல் டோஸ். முதல் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் எண்ணிலும், இரண்டாவது ஊசி மெகா முகாமில் வேறோர் எண்ணிலும் பதிவாகியிருந்தால் கோவின் உங்களை இரண்டு ஆளாக எண்ணி, இரண்டு பேருக்கும் முதல் டோஸ் சான்றிதழ் கொடுத்துவிடும். தளத்துக்குள் 'புகார் எழுப்பு' என்ற பகுதியில் இரண்டு முதல் டோஸ் சான்றிதழ்களை ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. உடனே ஆகிவிடாது, நாட்கள் பிடிக்கும். ஒரு வாரம் முன்பே பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, பெயர். இசக்கிமுத்து என்ற பெயரை ஆதாரில் ஆங்கில 'ஈ'யில் தொடங்கி எழுதியிருப்பார்கள், சான்றிதழில் 'ஐ'யில் இருக்கும். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வேறோரிடத்தில் அப்பா பெயராகவே விரிந்து கிடக்கும். இனிஷியல் இடம் மாறியிருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, விட்டுவிடுங்கள். பெயரின் எழுத்தே மாறியிருந்தாலோ பிறந்த வருடம் தவறியிருந்தாலோ அதே புகார் பகுதியில் திருத்துங்கள். திருத்தும் வாய்ப்பு ஒருமுறைதான், ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து இடுங்கள். டிக்கெட்டிலும் டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் அதே எழுத்தில்தான் பெயர் கொடுக்கவேண்டும்.

சரியான சான்றிதழ் கிடைத்ததும் ஏ4 தாளில் இரண்டு பிரதி எடுங்கள். கருப்பு வெள்ளை போதும். க்யூஆர் கட்டத்தின் மேல் மடிப்பு விழக்கூடாது. லேமினேட் செய்யவேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டுக் கட்டம் மின்னி ஸ்கேன் ஆகாது. 15 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரியில் ஊசியே வந்திருக்கவில்லை. அவர்களுக்கு ஆதார் நகல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் எடுக்கச் சொன்னால் மணியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மாநிலத்துக்குள் பயணம் போக டெஸ்ட் தேவைப்படவில்லை. அறிகுறியில்லாதவருக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்னால்கூடக் கட்டாயமில்லை என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2022 ஜனவரி 10-ஆம் தேதி சொன்னது. அப்படியும் பல ஆஸ்பத்திரிகள் அட்மிஷனுக்கு முன்னால் ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா டெஸ்டில் நெகட்டிவ் கேட்டன. அப்பாயின்ட்மென்ட் உறுதிசெய்ய போன் பண்ணும்போதே மூன்று கேள்வி கேட்டு எழுதிவையுங்கள்: நோயாளிக்கு டெஸ்ட் வேண்டுமா, கூட இருப்பவருக்கும் வேண்டுமா, எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்தது?

ஆட்கள் ஏமாறுவது அந்த மூன்றாவது கேள்வியில். 72 மணி நேரம் என்றால் ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து அல்ல, மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து. ரிப்போர்ட்டில் இரண்டு நேரமும் அச்சாகியிருக்கும், அவர்கள் பார்ப்பது முதலாவதை.

வியாழன் காலை 9 மணிக்கு அட்மிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை 10 மணிக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ தனியார் லேப்பிலோ சாம்பிள் கொடுக்கிறீர்கள். செவ்வாய் பகலுக்குள் ரிப்போர்ட் வாங்கி, இரவு ரயில் ஏறி, புதன் காலை சென்னை. வியாழன் 9 மணிக்கு 71 மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு மணி நேரம்தான் மிச்சம், ஆனால் செல்லும். ஞாயிறு சாயங்காலமே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் வியாழன் காலை அது செல்லாத காகிதம். 48 மணி நேரம் என்று சொன்னால் இங்கே எடுக்கவே வேண்டாம். புதன் காலை சென்னையில் இறங்கியதும் அந்த ஆஸ்பத்திரி ஏற்கும் லேப்பில் கொடுங்கள்.

அப்போது கடையில் 250 ரூபாய்க்கு விற்ற வீட்டுப் பரிசோதனைக் கிட்டை எந்த ஆஸ்பத்திரியும் சான்றாக ஏற்கவில்லை. நமக்கு நாமே பார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். அதிலும் பாசிட்டிவ் என்று காட்டினால் நம்பலாம். காய்ச்சல் இருக்கும்போது நெகட்டிவ் என்று காட்டினால் நம்பக்கூடாது.

ரயிலா, பஸ்ஸா

ரயில்தான் நல்லது. இரவு எட்டு மணிவாக்கில் ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலை ஏழுக்குள் எழும்பூர். தென்காசிப் பக்கத்தவர்களுக்குப் பொதிகை, தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கு முத்துநகர். திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி எக்ஸ்பிரசும் அனந்தபுரியும் இருக்கின்றன.

பழைய நினைப்பில் ஜெனரல் டிக்கெட் எடுத்து ஏறிவிடலாம் என்று ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். முன்பதிவில்லாத பெட்டிகளை உட்காரும் வசதியுள்ள முன்பதிவுப் பெட்டிகளாக மாற்றியது 2022 பிப்ரவரியிலும் அப்படியே இருந்தது. அதற்கும் பெயர் பதிந்து, 15 ரூபாய் முன்பதிவுக் கட்டணம் சேர்த்துத்தான் டிக்கெட். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போட்டபின்னும் உறுதியாகாவிட்டால் தானே ரத்தாகிவிடும், அதை வைத்து ஏறமுடியாது. தட்கல் முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. முதியோர் சலுகை 2020 மார்ச்சிலிருந்து நிறுத்திவைத்தது நிறுத்தியபடியே இருக்கிறது. தாத்தாவுக்கும் முழுக் கட்டணம் என்று கணக்குப் போடுங்கள். அப்போது டிக்கெட் எடுக்கும்போது இறங்கும் ஊரின் முகவரி கேட்டது, போகிற வீட்டின் பின்கோடு தெரிந்திருக்கவேண்டியிருந்தது.

ஏசியா ஸ்லீப்பரா என்று கேட்டால், அந்த மாதத்துக்கு ஸ்லீப்பர்தான். ஜன்னலைத் திறந்துவைக்கலாம், காற்று ஓடும். பிப்ரவரி இரவில் வியர்க்கவும் வியர்க்காது. ஏசியில் பெட்டி முழுக்க ஒரே காற்று. போர்வை, தலையணை 2022 பிப்ரவரியில் கொடுக்கவில்லை என்பதால் அதையும் நீங்களே சுமக்கவேண்டியிருந்தது. இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை கேளுங்கள். ஆறு பேர் முகத்துக்கு முகம் உட்காரும் கூட்டிலிருந்து கொஞ்சம் விலகியும் இருக்கும், ஜன்னலும் உங்களுக்கே. கையில் ஒரு சாரம் (லுங்கி), ஒரு துண்டு, ஒரு மெல்லிய போர்வை. போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஊர்ப் பழக்கத்தை மாற்றுங்கள். வண்டி கோவில்பட்டி தாண்டியதும் பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் இலைப் பொட்டலம் பிரியும். எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றிப் பேசிச் சிரிக்கும் அரை மணி நேரம் அது. ஆறரைக்கே வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால் அந்த அரை மணி நேரமும் நீங்கள் மாஸ்க்கோடு இருக்கலாம். பிள்ளைகள் இருந்தால் அந்த ஆரவாரம் அடங்கியபின் ஊட்டுங்கள். வண்டியில் மாஸ்க் இல்லாமல் பிடிபட்டால் ரயில்வே அப்போது தனியாக 500 ரூபாய் வரை அபராதம் போட்டது.

கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் அப்போது இடித்துக் கட்டும் வேலையில் கிடந்தது. நீங்கள் வரும் பஸ் வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் சாயங்கால நெரிசலில் அரை மணி நேரம் ஆகும்.

பஸ்தான் வசதி என்றால் அதே வேய்ந்தான்குளத்தில் அரசு விரைவுப் பேருந்து ஏறுங்கள், ஏசி இல்லாததாக. அந்த வண்டிகள் 2022-இல் போய் நின்ற கோயம்பேட்டில் மெட்ரோ நிலையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது.

மாஸ்க்: அல்வாவோடு வைக்காதீர்கள்

மூன்று நாள் பயணத்துக்கு ஆளுக்கு மூன்று என்95, ஆறு சர்ஜிகல். என்95 வாங்கும்போது ஐஎஸ் 9473 என்ற எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். மாட்டியதும் மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளக்கூடாது, நடுவில் கூர்மையாகி இரண்டு பக்கமும் இடைவெளி விழும். இரண்டு ஆட்காட்டி விரலாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கித் தடவி அமுக்குங்கள். பிறகு பலமாக ஊதிப்பாருங்கள். கண்ணில் காற்று பட்டாலோ கண்ணாடியில் ஆவி படர்ந்தாலோ மேலே ஓட்டை இருக்கிறது. கோவிலுக்கு நேர்ந்து தாடி வளர்ப்பவர்களுக்கு என்95 எப்படியும் ஒட்டாது. சர்ஜிகலின் மேல் துணி மாஸ்க் போடுவதே அவர்களுக்குச் சரி. என்95-க்கு மேலேயோ கீழேயோ இன்னொன்று போடவேண்டாம்.

அந்த மாஸ்க் தூசியைப் பிடிப்பது துணியின் நெருக்கத்தால் மட்டுமல்ல. உள் அடுக்கில் ஏற்றியிருக்கும் நிலைமின்சாரமும் சேர்ந்து நுண்துகளை இழுத்து வைத்துக்கொள்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்தாலும் சானிட்டைசர் தெளித்தாலும் எண்ணெய் பட்டாலும் அது போய்விடும். 'என்' என்ற எழுத்துக்கே எண்ணெயைத் தாங்காதது என்றுதான் பொருள். சென்னைச் சொந்தக்காரர்களுக்கு டவுனிலிருந்து ஒரு கிலோ அல்வா வாங்காமல் யாரும் போகப்போவதில்லை. பொட்டலத்தில் நெய் கசியாமலும் இருக்கப்போவதில்லை. மாஸ்க்கைக் காகித உறையில் போட்டுச் சட்டைப் பையிலோ வேறு பையிலோ வையுங்கள். நாளுக்கு ஒன்று மாற்றிப் போட்டு, போட்டதை உறையில் காயவிடலாம். சென்னைப் புழுக்கத்தில் சர்ஜிகல் மாஸ்க் மூன்று நான்கு மணி நேரத்தில் நனைந்துவிடும். நனைந்ததைத் தூரப்போடுங்கள்.

மாஸ்க் இல்லாவிட்டால் அபராதம் 2022 ஜனவரியில் 200-லிருந்து 500 ரூபாயாக ஏறியது. தாடைக்குக் கீழே இறக்கி வைத்திருந்தாலும் அதே 500. கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

இறங்கியபின்

தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் போகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வரவேண்டாம், தாம்பரத்திலேயே இறங்குங்கள். காலை ஆறு மணிக்குப் புறநகர் ரயில் காலியாக இருக்கும். எட்டிலிருந்து பத்து வரை அதே வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. 2022 ஜனவரியில் புறநகர் ரயில் டிக்கெட்டுக்கு இரண்டு டோஸ் சான்றிதழ் கேட்டார்கள்; பிப்ரவரியில் கேட்கவில்லை.

எழும்பூரில் இறங்கினால் மெட்ரோ பக்கத்திலேயே. அங்கிருந்து ஒரு பக்கம் அடுத்த நிலையம் சென்ட்ரல், சென்னை அரசு பொது மருத்துவமனையான பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அது. மறுபக்கம் அண்ணாநகர், கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர். கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பயண அட்டையோ கைபேசி க்யூஆரோ எடுத்தால் 20 சதவீதம் குறையும், கவுண்டர் வரிசையிலும் நிற்கவேண்டாம். மாநகரப் பேருந்தில் கண்ணாடியில் 'மகளிருக்குக் கட்டணமில்லை' என்று ஒட்டியிருக்கும் சாதாரண வண்டியில் பெண்களுக்கு இலவசம், நம்மூர் டவுன் பஸ் மாதிரியே. சொகுசு வண்டியில் அது கிடையாது.

ஆட்டோ மீட்டர்க் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 என்று 2013-இல் வைத்ததுதான். அந்த விலைக்கு யாரும் வரமாட்டார்கள். கைபேசிச் செயலியில் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். வழி தெரியாவிட்டால் தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் நம்ம பக்கத்து அண்ணாச்சியாகத்தான் இருப்பார். நீங்கள் வாயைத் திறந்ததும் "எந்தூரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்.

தங்குமிடம் எழும்பூர் கென்னத் லேன் பக்கம் என்றால் பணம் கட்டும் முன் அறையைப் பாருங்கள். ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கவேண்டும். நடைக்கூடத்தைப் பார்த்த ஜன்னல் ஜன்னலே அல்ல. சொந்தக்காரர் அபார்ட்மென்ட்டில் தங்குவதாக இருந்தால், வெளியூர்க்காரர் தங்க அங்கே என்ன கேட்கிறார்கள் என்று அவரிடம் முன்பே விசாரியுங்கள். உங்கள் பெயரையும் எண்ணையும் கேட்டில் அவர் முதல் நாளே சொல்லிவைத்தால் அதிகாலை ஆறரைக்குப் பெட்டியோடு வாசலில் நிற்கவேண்டியிருக்காது.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு அப்போது ஒரே ஆள்தான் விட்டார்கள். நம் ஊரில் ஒரு வேனில் எட்டுப் பேர் போவது வழக்கம். ஏழு பேர் வெளியே மரத்தடியில் காத்திருப்பார்கள், அங்கேதான் கூட்டமும். விவரம் தெரிந்த ஒருவர் போதும். ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை மூன்றும் அவர் கையில். துணி எடுக்க தி. நகர் போவதாக இருந்தால் வாரநாளில் கடை திறந்ததும் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். ரங்கநாதன் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறடி இடைவெளியெல்லாம் பேச்சுக்குத்தான். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முகூர்த்தத்துக்கு நின்றுவிட்டு, முதல் பந்தியிலோ கடைசிப் பந்தியிலோ உட்காருங்கள்.

அங்கே காய்ச்சல் வந்தால்

அப்போதைய விதிப்படி, பாசிட்டிவ் ஆனால் டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து 7 நாள் தனிமை. கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். லாட்ஜில் பெரும்பாலும் தொடர்ந்து தங்கவிடமாட்டார்கள். அதனால் கிளம்பும் முன்பே 7 நாள் செலவுக்குப் பணம், வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பத்து நாளுக்குக் கூடுதலாக, "முடியாவிட்டால் ஓர் அறை கொடுப்பீர்களா" என்று முன்பே கேட்டுவைத்த ஒரு வீடு, மூன்றும் தயாராக இருக்கட்டும். மாநகராட்சிக்கு 1913, மருத்துவ ஆலோசனைக்கு 104, மூச்சுத் திணறினால் 108. காய்ச்சலை மறைத்து ராத்திரி ரயிலேறி ஊருக்கு வந்துவிடலாம் என்று தோன்றும். பத்து மணி நேரம் ஒரே பெட்டியில் எழுபது பேரோடு படுத்து வருவது அது.

ஊர் திரும்பியதும்

ஐந்து நாள் ஆச்சி, தாத்தா இருக்கும் அறையில் படுக்காதீர்கள். அவர்களோடு பேசும்போது மாஸ்க், சாப்பாடு தனியாக முற்றத்தில். அந்த ஐந்து நாளில் துட்டி (சாவு) வீட்டுக்குப் போவதையும் தள்ளிவையுங்கள். துட்டி கேட்கப் போகாவிட்டால் ஏச்சு விழும்தான். போனில் சொல்லிவிட்டுக் காரியத்தன்று போகலாம். பெட்டி எண், படுக்கை எண் உள்ள டிக்கெட் படத்தைப் பத்து நாள் அழிக்காமல் வையுங்கள், காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பார்கள்.

ஆச்சிக்கு அறுபது தாண்டி, சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் முன்னெச்சரிக்கை டோஸ் என்ற மூன்றாவது ஊசியை 2022 ஜனவரி 10 முதல் போட்டார்கள். இரண்டாவது ஊசியிலிருந்து 39 வாரம் ஆகியிருக்கவேண்டும் என்பது அப்போதைய விதி. உங்கள் சான்றிதழை இறக்கும் அன்றே அவர்களுடையதையும் இறக்கித் தேதியை எண்ணிப் பாருங்கள். நாள் வந்திருந்தால், நீங்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே கூட்டிப்போய்ப் போட்டுவிடுங்கள்.